பாட்டுப் பாதியில் நின்றால் இடியப்பம் இறங்காது

என் ஆசைப் பிலோவுக்கு,

அங்கே யாராவது உனக்குச் சாயம் கூட்டித் தேத்தண்ணி போட்டுத் தருகிறார்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உன்னுடைய ஆண்டு நினைவுக்கு அன்ரன் மலர்ப் புத்தகம் அடிக்கிறானாம். பாரிசிலிருந்து போன் எடுத்து, "பெரியம்மா, நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கோ" என்றான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உன் மகனுக்குத் தெரியாதா? எழுத்துப் பிழையைத் திருத்து, சொன்னதைத் திருத்தாதே என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் எல்லாரும் உன்னைப் பொறுமைசாலி என்று எழுதுவார்கள். இடியப்ப உரலைத் தூக்கி என் தலைக்கு எறிந்தவள் நீ. நான் குனிந்ததால்தான் இந்தக் கடிதம். ஆகையால் நான் புகழப்போவதில்லை. இங்கே நடந்த ஒரு புதினத்தைச் சொல்லுகிறேன், கேள்.

உன்னை அடக்கம் செய்த பிறகு, அன்ரன் உன் போனை என் கையில் வைத்துவிட்டுப் போனான். அதில் நீ படுக்கையில் இருந்தபோது சேர்த்த பிளேலிஸ்ட் இருந்தது. 'கனகமும் நானும்' என்று பேர் வைத்திருந்தாய். பாலையூற்றில் என் குசினியில், துறைமுக வேலைக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் இடியப்பம் அவித்த காலத்தில் றேடியோவில் கேட்ட பாட்டுகள். அதையும் வேலை நடக்கிற ஒழுங்கிலேயே அடுக்கியிருந்தாய். மாக் குழைக்க ஆறுதலான பாட்டு, பிழிய வள்ளக்காரர் பாட்டு, பிறகு அவியவிட இரண்டு பாட்டு. இரண்டு பாட்டு முடிந்தால் ஓர் அடுக்கு இறங்கும். எங்கள் குசினியில் மணிக்கூடு இருந்ததா, சொல்லு பார்ப்போம்?

நான் இன்னும் நாலைந்து வீட்டுக்கு அவித்துக் கொடுக்கிறேன். விடிய எழும்பிப் போனை உறிப் பக்கம் சாய்த்து வைத்து உன் பாட்டைப் போட்டுவிடுவேன். நீ பக்கத்தில் நின்று பிழிகிற மாதிரி இருக்கும். எனக்கு அது வேண்டியிருந்தது, பிலோ. உன் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லையே.

ஏன் பார்க்கவில்லை என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். நீ போன அன்று நான் மட்டக்களப்பில் மகள் வீட்டில் நின்றேன். கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து, கிண்ணியாப் பாலத்தில் வைத்து உன் தங்கச்சி றெஜினாவுக்குப் போன் எடுத்தேன். "இந்தா வந்திட்டன், பெட்டியை மூட விடாதை" என்றேன். "ஓமக்கா" என்றாள். நான் உன் வீட்டுப் படலையைத் திறக்கும்போது பெட்டி மூடி ஆணியும் அடித்தாகிவிட்டது. அன்றைக்கு அவளோடு விட்ட கதைதான். உனக்கே தெரியும், மா அரிக்கிற எங்கள் மாவரியைக் கொண்டுபோய்க் கிழித்துக் கொடுத்த மனுசியோடு அவள் சாகும்வரைக்கும் நான் கதைக்கவில்லை. இது மாவரி இல்லையே.

மாரி தொடங்கியதும் மனிதருக்கு வருகிற மாதிரிப் பாட்டுக்கும் வருத்தம் வந்தது. அவியவிட்ட இரண்டாவது பாட்டு நடுவில் நின்றுவிடும். பாட்டு முடியாமல் நான் எப்படி இறக்குவது? காத்துக்கொண்டு நிற்பேன். இடியப்பம் தண்ணீர் கோர்த்துப் பிசுபிசுத்துவிடும். வாத்தியார் வீட்டு மனுசி, "என்ன கனகமக்கா, இண்டைக்குக் கையிலை ஒட்டுது" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையும் நான் வைத்திருக்கிறேன்.

அதோடு, நீ வைக்காத ஒரு மாதா பாட்டு பட்டியலின் நடுவில் வந்து கிடந்தது. பிழிகிற நேரத்தில் மாதா பாட்டா? எடுத்துவிட்டேன். அடுத்த நாள் திரும்பவும் அதே இடத்தில். நான் எடுக்க எடுக்க அது வந்தது. மூன்றாந்தரம் எனக்கு வேர்த்துவிட்டது. அடுப்பைப் பார்த்தபடி, "பிலோ, நீயோடி?" என்று கேட்டேன்.

சிரிக்காதே. பிறகு நானும் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். உடுப்புக் காயப்போடும்போது நீ முணுமுணுக்கும் அந்த மழைப் பாட்டு. அதை யாரும் எடுக்கவில்லை. அப்படியே இருந்தது. உனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்து அன்றைக்கு முழுக்கச் சந்தோசமாகத் திரிந்தேன். போன் பிழை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, யாரிடமும் காட்டவில்லை.

ஆனால் இடியப்பம் கெட்டுக்கொண்டே போனது. வேறு வழியில்லாமல் பஸ் ஏறி ரவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்து மான்கள் வழக்கம்போல வாழைப்பழத் தோலுக்கு நின்றன. போன் திருத்துகிற முஸ்லிம் நானாவின் கடையில் கொடுத்துப் பாட்டின் வருத்தத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். போனை நிற்பாட்டிப் போட்டார். அதில் சேர்ந்திருந்த குப்பையை அழித்தார். புதிதாக்கினார். பாட்டுகளைக் கலைத்துப் போடுகிற குறியைப் பார்த்தார், அதுவும் சரியாக இருந்தது. கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அம்மா, போனிலை ஒரு பிழையும் இல்லை. இதே கணக்கிலை இன்னொரு ஆளும் பாட்டுக் கேக்கிறா. அவ போட்டா உங்கடை நிக்கும், நீங்கள் போட்டா அவவின்ரை நிக்கும்."

"ஓம் நானா. கணக்கு அவவின்ரைதான். செத்துப்போனா."

நானா போனை மெதுவாக மேசையில் வைத்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதிலை 'பிலோ ரப்' எண்டு காட்டுது. அந்த ரப் இப்ப ஆரிட்டை?" என்று கேட்டார்.

எனக்குக் காது சூடேறியது. ஆஸ்பத்திரியில் நீ பார்ப்பதற்கு அன்ரன் அனுப்பிய பெரிய திரை ரப். உன் உடுப்புப் பையோடு அதை நிலாவெளியில் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் றெஜினாதானே?

"இதிலை ஒரு பட்டன் இருக்கு. அமத்தினா எல்லாரும் வெளியாலை. பாஸ்வேர்ட்டையும் மாத்திவிட்டா பிறகு உங்கடை போன் மட்டுந்தான். அமத்தட்டோ?"

"அமத்துங்கோ" என்றுதான் வாய் எடுத்தேன். முகத்தை அவள் எடுத்துக்கொண்டாள், பாட்டையாவது நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இருந்தது. ஆனால் அவர் விரலைக் கொண்டுபோனபோது, "பொறுங்கோ நானா, நானே வீட்டை போய் அமத்துறன்" என்று சொல்லிவிட்டேன். அமத்துகிற இடத்தைக் காட்டித் தந்தார்.

அடுத்த நாள் விடியப் பாட்டைப் போட்டேன். இரண்டாவது பாட்டில் நின்றது. இந்த முறை திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம்தான் இல்லை. பாட்டின் பேர் வேறாகியிருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. என் மழைப் பாட்டு, பிலோ. என் குசினியில் ஊமையாகவும் நிலாவெளியில் சத்தமாகவும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டனுக்குப் போன விரல் அமத்தாமல் நின்றது. கோட்டைப் பார்த்து நானே பாட்டை வாயால் பாடினேன். கோடு முடிந்ததும் அடுக்கை இறக்கினேன். இடியப்பம் சரியாக அவிந்திருந்தது.

பிறகு றெஜினாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஆரு?"

"கனகம்."

அவளுக்குப் பின்னால் கடல் இரைந்தது. "சொல்லுங்கோ அக்கா."

"அந்த மாதா பாட்டை நீயோ போட்டனி?"

"ஓமக்கா. ஆனா போடப் போடக் காணாமல் போகுது. அக்காவுக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு பயந்து போனன்."

"எந்த அக்காவுக்கு?"

"எங்கடை அக்காவுக்குத்தான். அவதான் அழிக்கிறா எண்டு நினைச்சன். ஒருநாள் அந்த மழைப் பாட்டு தன்ரை பாட்டிலை வந்து கிடந்தது. உடனை ஃபாதரிட்டைப் போய்ச் சொல்லிப் பூசை வைப்பிச்சனான்."

"மழைப் பாட்டைப் போட்டது நான்."

"அப்ப மாதா பாட்டை அழிச்சது?"

"அதுவும் நான்தான்."

"நாசமாப் போச்சு. அப்ப உங்களுக்கோ பூசை வைச்சனான்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவளுக்குப் பூசை. அவளும் சிரித்தாள். உன்னைப் போலவே மூக்கால் சிரிக்கிறாள், உனக்குத் தெரியுமா?

சிரித்தாலும் நான் விடவில்லை. "பெட்டியை ஏன் மூடினனி?" என்று கேட்டேன்.

"மழை வருது எண்டு ஃபாதர் அவசரப்படுத்தினவர்." பிறகு குரல் மாறியது. "அது பொய்யக்கா. இன்னும் கொஞ்சம் பொறுங்கோ எண்டு கேட்டிருந்தா அவர் பொறுத்திருப்பார். நான்தான் கேக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை எவ்வளவு காலம் பக்கத்திலை இருந்தனான். அவ ரப்பிலை பாட்டுத் தேடித் தேடிப் போடுறதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கடைசியிலை பேர் வைச்சா, 'கனகமும் நானும்' எண்டு. நீங்கள் வந்தா அந்த முகமும் உங்களுக்குத்தான் போகும் எண்டு நினைச்சிட்டன்."

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அவளுக்கென்று ஒரு பாட்டுக்கூடவா உனக்குக் கிடைக்கவில்லை, பிலோ?

"முகம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

சொன்னாள். மருந்தில் உதிர்ந்த தலைமயிர், பால்குடிப் பிள்ளைக்கு முளைக்கிற மாதிரித் திரும்ப முளைத்திருந்ததாம். ஊதா நிறச் சேலை கட்டியிருந்தார்களாம், அது நான் வாங்கித் தந்தது. கையில் செபமாலை. வாயில் இடப்பக்கச் சொண்டு கொஞ்சம் மேலே இழுத்திருந்ததாம். "ஏதோ மறுத்துக் கதைக்கப் போறா போலை இருந்ததக்கா" என்றாள். அவ்வளவும் போதும். அந்தச் சொண்டை எனக்குத் தெரியாதா? உரலை எறிந்த அன்றும் அப்படித்தான் இருந்தது. குசினி நிலத்தில் இருந்துகொண்டு உன்னைப் பார்த்தேன், பிலோ. பிந்தித்தான் பார்த்தேன், ஆனாலும் பார்த்துவிட்டேன்.

நானாவிடம் திரும்பவும் போனேன். "ஆளுக்கொரு கணக்குத் திறந்தா ஒராளின்ரை பாட்டு மற்றவவின்ரையை மறிக்காது. செய்து தரட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார். பாட்டு நின்றால்தானே நிலாவெளியில் றெஜினா எழும்பிவிட்டாள் என்று எனக்குத் தெரியும்? நின்ற பாட்டு திரும்ப வந்தால், அவள் பூசைக்கு வெளிக்கிட்டுவிட்டாள். ஒருநாள் நிற்கவே இல்லை. காய்ச்சலோ என்று போன் எடுத்தேன். காய்ச்சல்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் பட்டனை அமத்தமாட்டேன். மாதா பாட்டையும் இனி எடுக்கமாட்டேன், பிழிகிற நேரத்துக்கு அது பொருந்தாவிட்டாலும். ஆண்டுப் பூசைக்குக் கோயிலில் அவளோடு ஒரே வாங்கில் இருப்பேன். பெட்டி மூடியதை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதே. அது மாவரிக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவளுக்கும் ஒரு பார்சல் இடியப்பம் கட்டிப் பஸ்ஸில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் கனகம்,
உன் தங்கச்சி கூப்பிடுகிறபடியால் அவளுக்கும் அக்கா.