லோடு ஆட்டோவில் ஒரு கேமரா

11.2.2025

கேமரா வந்துவிட்டது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, விலையும் மலிவுதான். மகள் வித்யா ஆன்லைனில் வரவழைத்து, மீஞ்சூரில் வேலை முடிந்து திரும்பும்போது கொண்டுவந்தாள்.

போன மாதம் பொன்னேரியில் ஒரு கார்க்காரன் என் லோடு ஆட்டோவை உரசிவிட்டு என்னையே திட்டினான். கூடிய கூட்டம் யார் இடித்தது என்று பார்க்கவில்லை. ஓட்டியது பொம்பளை என்று பார்த்தது. தீர்ப்பு முடிந்தது.

“இனிமே எவனாவது பழி போட்டா நீ வாயத் தொறக்காதம்மா. இதக் காட்டு” என்றாள் வித்யா.

என் வாய்மீது அவளுக்கு ஏன் இவ்வளவு பயம்?

14.2.2025

ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை. பகலில் படம் தெளிவு. பக்கத்தில் போகிற வண்டியின் நம்பரைப் படிக்கலாம். கொஞ்சம் தள்ளிப் போனால் எறும்பு ஊர்கிற மாதிரிதான். காலையில் மீனை இறக்கிவிட்டுப் பாலத்தில் திரும்பும்போது ஏரியில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத் துணி.

வண்டி குலுங்கினால் விபத்து என்று நினைத்துக் கீச்சென்று கத்துகிறது. அந்தத் துண்டை மட்டும் அழியாமல் பூட்டி வைக்குமாம். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் கத்திக் கத்தி அதற்கே தொண்டை கட்டியிருக்கும். இந்த ரோட்டில் தினமும் இத்தனை தடவை விபத்தில் சிக்குகிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

17.2.2025

வெயிலில் கண்ணாடியில் ஒட்டின பசை இளகி, கேமரா மடியில் விழுந்தது. வித்யா வேறு பசை போட்டு ஒட்டினாள். தேதி 2018 என்று காட்டுகிறது. திருத்தினாலும் வண்டியை அணைத்தால் திரும்ப 2018. இருக்கட்டும். வயசு குறைந்தால் யாருக்குக் கசக்கும்?

23.2.2025

என் வீட்டுக்காரர் பூவரசன், ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருத்தர், கரையிலிருந்து வண்டியில் ஏறி வந்தார். வழி முழுக்க வாயே திறக்கவில்லை.

“இன்னாய்யா, ஊமையாயிட்ட?”

கேமராவைக் கண்ணால் காட்டினார். அது சத்தத்தையும் பதிவு செய்யும் என்று வித்யா சொல்லியிருக்கிறாளாம். கல்யாணமான நாள் முதல் நான் கெஞ்சியும் நடக்காதது. நல்ல கருவிதான்.

6.3.2025

இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

ஏலக் கொட்டகைக்கு எதிரே வண்டியை அணைக்காமல் நிறுத்தி மீனுக்குக் காத்திருந்தேன். மீன் விற்கிற குப்பம்மா அக்கா தலையில் கூடையோடு ரோட்டோரமாகப் போனாள். ஊர்த் தலைவர் சகாதேவன் பொங்கலுக்கு வாங்கின புதுக் காரைப் பின்னால் எடுத்தார். எடுத்தார், எடுத்துக்கொண்டே வந்தார். நான் ஹாரன் அடித்தேன். கார் அவளை இடித்துத் தள்ளியது. மீன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

தலைவர் இறங்கவே இல்லை. நானும் இரண்டு பெண்களும் அவளைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தொடை எலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்யணும் என்றார்கள்.

ரோட்டுக் குழிக்கெல்லாம் கத்துகிற கேமரா இன்றைக்குக் கத்தவில்லை. என் வண்டி ஆடவில்லையாம். புதுப் படம் ஏறி இது அழிந்துவிடும் என்று வித்யா வந்ததும் மெமரி கார்டை உருவிப் பத்திரப்படுத்தினாள்.

7.3.2025

ஊரில் கதை தயாராகிவிட்டது. குப்பம்மா வழுக்கி விழுந்தாள். எதில் வழுக்கினாள்? என் ஆட்டோவிலிருந்து சொட்டின ஐஸ் தண்ணீரில். யார் சொன்னது? தலைவர்.

ஐஸ் தண்ணீர் சொட்டுவது நிஜம். மீன் வண்டியில் பன்னீரா சொட்டும்?

அக்காவைப் போய்ப் பார்த்தேன். “எனுக்குத் தெரியல இந்திராணி. பின்னாடி இன்னா நடந்துச்சுன்னு எப்புடித் தெரியும்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தலைவர் வாங்கித் தந்த ஆப்பிள்.

8.3.2025

படத்தைப் போனில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. கார், அக்கா, கூடை, இடித்தது.

என் குரலும் இருக்கிறது.

அந்த நேரத்தில் வித்யாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். “தலைவர் ரிவர்ஸ் எடுக்கற அழகப் பாரேன்டி. ஃபைபர் படகக் கரையேத்தறா மாதிரி நாலு பேரு தள்ளணும் போல. இவுரு பேச்சுக்கு உங்கப்பாவும் தலைய ஆட்டிகினு உக்காந்துகினு கீறாரு. பஞ்சாயத்துல உக்காந்துகினு கீற எல்லார் மூளையையும் ஒண்ணாச் சேத்தாலும் ஒரு இறாலுக்குப் பத்தாது.” அப்புறம்தான் ஹாரன். அப்புறம் “ஐயோ”.

பூவரசன் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். “இத வெளிய காட்டாத. காட்டுனா நான் கடலுக்கே போய்டறேன், திரும்பி வரல.”

12.3.2025

பஞ்சாயத்தில் முடிவாகிவிட்டதாம். என் வண்டிக்கு யாரும் மீன் தரக்கூடாது. அக்கா வைத்தியத்துக்குத் தலைவர் கட்டுகிற பணத்தையும் நான் திருப்பித் தரணும். முடிவெடுத்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருத்தர். தலையை ஆட்டினாயா என்று கேட்டேன். “ஆட்டல. சும்மா உக்காந்துகினு இருந்தேன்” என்றார். அதற்குப் பேர் வேறேயா?

இன்று கரையில் வண்டியோடு நின்றேன். தெரிந்த முகம் ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். வண்டி ரொம்ப லேசாகப் போகிறது. எனக்கு அழுகை வந்தது.

சிரிச்சா சிரிக்கட்டும். காட்டத்தான் போறேன்.

16.3.2025

காட்டினேன்.

கோயில் எதிரே டிவி வைத்து, சாயங்காலம் ஊர்க் கூட்டத்தில். சத்தத்தை அணைத்துத்தான் போட்டாள் வித்யா. ஊர்க் கணக்குப் பிள்ளை தருமலிங்கம் விடவில்லை. “சத்தம் இல்லாத படம் பாதிப் படம். ஹாரன் அடிச்சன்ற. அது கேக்க வேணாவா?”

நான் பூவரசனைப் பார்த்தேன். அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் எழுந்து, “போடு, கேக்கட்டும்” என்றார். அதை எதிர்பார்க்கவில்லை.

இறால் மூளை வரைக்கும் ஊரே கேட்டது. பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் எல்லாம் வாய்க்குப் போயின. ஆண்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு கார் இடித்தது. சிரிப்பு நின்றது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “தேதியப் பாருங்க. 2018-னு போட்டிருக்கு. எங்கியோ எப்பவோ எடுத்தது. இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒட்டறது.”

தருமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, ஆமாம், 2018 என்று உறுதி செய்தார். கூட்டம் கசமுசாவென்றது. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது தலைவர் சம்சாரம் இருசம்மாள் சத்தமாகக் கேட்டாள். “இன்னாய்யா சொல்ற? 2018-ல நம்ம கிட்ட சைக்கிள்தானே இருந்துச்சு? அது நம்ம புதுக் காரு. பொங்கலுக்கு நான் கட்டுன எலுமிச்சம் பழம் தொங்குது பாரு.”

வெகுளியாகச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தலைவராலும் முடியவில்லை.

தீர்ப்பு: அக்கா வைத்தியம் முழுக்கத் தலைவர் பொறுப்பு. எனக்கு லோடு உண்டு. ஆனால் பஞ்சாயத்தை இழிவாகப் பேசியதற்காக நான் கோயிலில் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்கணும். அதோடு, ஊர் எல்லைக்குள் எந்த வண்டியிலும் கேமரா ஓடக்கூடாது. இடித்தவர் மேல் வந்த கோபத்தை விட, பார்த்த கேமரா மேல்தான் எல்லாருக்கும் கோபம்.

17.3.2025

தேங்காய் உடைத்தேன். மன்னிப்பும் கேட்டேன். நல்ல காயாக எடுத்து வைத்திருந்தார் பூவரசன். ராத்திரி அதிலேயே இறால் குழம்பு வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

2.4.2025

பொன்னேரி மார்க்கெட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கேமரா எப்படி என்று கேட்டார். பகலுக்கு நல்லது, வெயிலுக்குப் பசை நிற்காது, தேதியை நம்பாதீங்க என்றேன். “அப்ப வாங்கலாமா?” என்றார். நீங்க எப்படிப் பேசுவீங்க என்பதைப் பொறுத்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

19.6.2025

குப்பம்மா அக்கா கோல் ஊன்றி நடக்கிறாள். கூடை தூக்க முடியாது. இன்று என் வண்டியில் முன்னால் உட்கார்ந்து பொன்னேரிக்கு வந்தாள், கீழே உட்கார்ந்து விற்கலாம் என்று.

பாலம் தாண்டினதும், ஊர் எல்லை முடிந்ததால், கேமராவைப் போட்டேன். அக்கா கேட்டாள். “இப்ப அது கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“கேக்கட்டும்.” ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கே எனுக்குத் தெரியும் இந்திராணி. காரு என் முதுகத் தொட்டதும் தெரியும். தலைவர் தெனம் வந்து பாத்தாரு, ஆபரேசனுக்கு நானாச்சுன்னாரு. உன்னால அது ஆவுமா? அதான் வாய மூடிகினேன்.”

கோபம் தலைக்கு ஏறியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நீ மூடிக்கொண்ட வாயால் நான் கரையில் வெறும் வண்டியோடு நின்றேனே என்று கேட்க வந்தது. இவ்வளவு பேசுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அவள் சொன்னது நியாயமில்லை. ஆனால் நிஜம். என்னால் ஆகியிருக்காது.

அவள் கோலைப் பிடித்துக்கொண்டாள். “எறங்கிடவா?”

“இன்னாத்துக்கு? இங்க எவன் மீன் வாங்குவான்?”

வண்டியை எடுத்தேன். மார்க்கெட்டில் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார வைத்தேன். சாயங்காலம் திரும்ப ஏற்றி வந்து வீட்டு வாசலில் இறக்கினேன். நாளைக்கு மடவை மீன் நிறைய வருமாம், ஹாரன் அடித்ததும் வெளியே வந்து நில்லு என்று சொல்லிவிட்டு வந்தேன்.