சாறி ஏறாத தோள்

7 ஒக்டோபர், செவ்வாய்

விடியவே மழை. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை பஸ்ஸில் நின்றபடி. வலது கையால் கம்பி பிடிக்க முடியாது, இடது கையில் குடை. பக்கத்தில் ஒரு தடித்த மனுசர். அவரில் சாய்ந்தே வந்தேன். நல்ல மெத்தை.

பிசியோ மிஸ்ஸிடம் மூன்றாவது தடவை. கை நெஞ்சு மட்டத்தோடு நின்றுவிட்டது.

"தோள் நோ துவங்கி எத்தினை மாசத்தால இஞ்ச வந்தனீங்கள் ஐயா?"

"அஞ்சு. அதுவரைக்கும் துவாயால கையைக் கழுத்தில கட்டித் தொங்கவிட்டிருந்தனான். ஆட்டினா கூடுமெண்டு எல்லாரும் சொன்னவை."

"கட்டி வைச்சுத்தான் இறுகிப்போச்சு. சுகரும் இருக்கு. மெதுவாத்தான் இளகும். ஒப்பரேசன் வேண்டாமெண்டா வீட்டில மூண்டு நேரமும் செய்யவேணும். செய்யிறீங்களோ?"

"ஓம் மிஸ்."

பச்சைப் பொய்.

பிறகு வேலை செய்யும் சாறிக் கடைக்குப் போனால் முதலாளி. "சனிக்கிழமை மேல சாறிப் பக்கம் நிண்டு பாரும் சிவம். ஏலாதெண்டா தீபாவளிக்கு வேற ஆளைப் போடுறன்."

இருபத்திரண்டு வருசம் மேல்மாடி. என் தோளில் போட்டுக் காட்டினால்தான் சாறி விலைப்படும். இப்போது ஐந்து மாதமாகக் கீழே, பிளவுஸ் துணி வெட்டிக்கொண்டு.

9, வியாழன்

வெயில். செய்ய வேண்டியது: சுவரில் விரலால் ஏறுவது, பத்துத் தரம். சுடுதண்ணிப் பை. இனிப்பு இல்லை. வலப்பக்கம் படுக்கை இல்லை.

செய்தது: சுடுதண்ணிப் பை.

பின்னேரம் ஒருவழியாகச் சுவருக்கு முன்னால். என் மனுசி கேட்டாள், "சுவரைப் பாத்து என்ன யோசினை?"

"சுவருக்குப் பொம்பிளை பாக்கிறன்."

சிரித்தாள். பிறகு முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினாள். ஏழு தரம். கண்ணில் தண்ணீர். நோவைவிடப் பயம்தான் கையைக் கீழே இழுக்கிறது. களைப்பு.

11, சனி

கடையில் சனம். மேல்மாடி. தாயும் மகளும் ஒரு பச்சைப் பட்டுச் சாறியை எடுத்தார்கள்.

"போட்டுக் காட்டுங்கோ அண்ணை."

கை நெஞ்சோடு நின்றது. படியில் முதலாளி, பார்த்துக்கொண்டு.

"எனக்கு ஐம்பத்திரண்டு அக்கா. இந்தத் தோளுக்குத்தான் எழுபது."

"எனக்கும் போன வருசம் இந்தக் கோதாரி வந்தது. அசையாம நில்லுங்கோ." சாறியை வாங்கித் தாயே என் தோளில் போட்டார். மடிப்பும் எடுத்தார். "இந்த மாப்பிள்ளைக்கு நல்லா எடுப்பா இருக்கு," என்றாள் மகள். எடுத்தார்கள். பிறகு வந்தவர்களும் அப்படியே தாங்களே போட்டுப் பார்த்து வாங்கினார்கள். பின்னேரம் வரை பொம்மை மாதிரி நின்றேன்.

பூட்டும்போது முதலாளி, "நாளைக்கும் மேலயே நில்லும்."

"பிசியோவுக்குச் செவ்வாய் போகவேணும்."

"அதுக்குப் போயிட்டு வாரும்."

தோள் விண்விண் என்கிறது. சட்டை கழற்ற மனுசியைக் கூப்பிட வேண்டும்.