மகளுக்குப் போட்ட நோயாளி வேஷம்

மார்ச் 11, செவ்வாய், பிளானோ

சோஷியல் ஒர்க் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள் என் மகள் வித்யா. அவள் கேள்வி கேட்டுப் பழக, தினமும் நான்தான் நோயாளி வேஷம் போடுகிறேன். நேற்று குடிகாரியாக வந்து தள்ளாடிக் காட்டினேன்.

இன்று, "உங்களுக்கு என்ன கஷ்டம், சொல்லுங்க" என்றாள். கதை எதுவும் தோன்றவில்லை.

"நடக்கப் போனா வீட்டுக்கு வழி மறந்துடுது. இந்த வாரம் ரெண்டு தடவை. மககிட்ட சொல்லப் பயமா இருக்கு" என்றேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "சூப்பர்மா. எங்க கத்துக்கிட்ட இப்படி நடிக்க?"

"உன் மாமியார்கிட்டதான்." சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. அதுவரை சொல்ல மாட்டேன். ஆனால் நாளை மூன்று மணிக்குப் பேத்தியைப் பள்ளியிலிருந்து நான்தான் நடத்திக் கூட்டி வர வேண்டும். அவளுக்கு ஆறு வயது, வழி தெரியும். அவள் கையை நான் விடக் கூடாது.