அப்பா கையை மறைத்த இரண்டு மாதம்

பரமத்தி வேலூர்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கிருத்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டோம் சாமி. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பதால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் கடிதம்.

ஆவணியில் மோகனூர் மண்டபம் ஒன்றுக்கு நாற்பது ஸ்டூல் செய்ய வேலை வந்தது. கால்கள் விரிந்து நிற்கிற மாதிரி, அந்தச் சாய்விலேயே குறுக்குச் சட்டம் உட்கார, ரவுட்டர் மெஷினால் கட்டையைக் குடைந்து காடி எடுக்க வேண்டும். அப்பா அடியில் ஒரு மரச் சக்கையைச் சொருகி, இடது கையால் ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டு மெஷினை ஓட்டினார், கட்டை உருண்டுவிட்டது. ஆட்காட்டி விரலின் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதும் "புள்ளைகிட்டச் சொல்லிப்போடாத கண்ணாத்தா, படிப்ப உட்டுப்போட்டு ஓடியாந்துரும்" என்றுதான் சொன்னார். வீடியோவில் பார்த்துவிட்டு, அப்பா ஏன் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்று நீ கேட்டாய், குளிர் என்றேன். புரட்டாசி வெயிலில் என்ன குளிர். நீ போனை வைத்ததும் உன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன், தலையணையில் உன் வாசம்கூட இப்போது இல்லை.

அதற்குப் பிறகு அவர் பட்டறைக்குள் போகவில்லை, வாசல் வரை போய்த் திரும்பிவிடுவார். போன வாரம் நானே பிளைவுட் துண்டுகளை இழுத்துப் போட்டு, "ஏனுங்க, கை புடிக்கறதப் பலகை புடிக்கற மாதிரி ஒண்ணு செய்யலாமுங்க" என்றேன். அவர் கோடு போட்டார், நான் அறுத்தேன். முதலில் செய்த ஜிக்கில், அந்தப் பிடிப்புப் பலகையில், ஸ்டூல் கால் சறுக்கிக் காடி கோணலாகிவிட்டது. மறுநாள் ஒரே அளவில் இரண்டு ஆப்பு அறுத்து, அவற்றின் மேல் காலைச் சாய்த்து வைத்து, சறுக்காமல் கீழ்முனையில் ஒரு கட்டையை அடித்து, மேலே இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினோம். மெஷின் மட்டமாக ஓட இரண்டு பக்கமும் சட்டம் வைத்தோம். சுவிட்சைப் போடும்போது அவர் கைகளின் மேல் என் கைகளை வைத்துக்கொண்டேன். காடி நூல் பிடித்த மாதிரி வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு மரத்தூளிலேயே உட்கார்ந்து, "அங்க இப்ப மணி என்ன இருக்கும், புள்ள தூங்கியிருக்குமா" என்று கேட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் எல்லாம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், "மொதல்ல காடியக் காட்டறேன், அப்பறம் கையக் காட்டறேன்" என்கிறார். இந்தக் கடிதம் அதற்குப் பிறகுதான் உன்னிடம் வந்து சேரும் என்று தெரியும், ஆனாலும் அம்மா பொய் சொன்னதை அம்மாவே எழுத வேண்டும் என்று தோன்றியது. கோபம் என்றால் என்னைத் திட்டு, அவரிடம் மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது பேசு கண்ணு. படிப்பை முடித்துவிட்டே வா. வருகிற தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே, நாளை எண்ண ஆரம்பித்தால் எனக்குத் தாங்காது.

காவேரித் தாய் உனக்குத் துணையிருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை.

உன் அம்மா,
கண்ணாத்தாள்