தளபதியைப் பிடிக்காத வாசகி

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவளை முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. கதவைத் தாழ் போடு. அதற்குப் பிறகு படித்தால் போதும்.

இங்கே பிள்ளைகள் நலம். உன் முதுகுவலி தேவலையா? அத்தான் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா?

உன் சரித்திர நாவலைப் பற்றி எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டிருந்தாய். போன மாதக் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. எதிரிநாட்டுத் தளபதி இளவரசியைக் கோட்டையில் பூட்டி வைப்பதும், கீரியும் பாம்புமாகச் சீறிக்கொண்டே இருவரும் காதலில் விழுவதும் எல்லோரையும் கட்டிப்போட்டுவிட்டது. பல் டாக்டரம்மா, "அவன் மொறைக்கிற மொறைப்புக்கே நான் விழுந்துட்டேன்" என்றார். பஸ் ஓட்டுநர் மட்டும், "சண்டை கம்மி, கொஞ்சல் ஜாஸ்தி" என்று குறைப்பட்டார்.

கடைசி வரிசையில் ஒருத்தி, வீட்டிலேயே ஜன்னல் திரை தைக்கிறவள்; கூட்டத்துக்கு மட்டும் புருஷன் வாசல்வரை கொண்டுவந்து விட்டு, முடிந்ததும் கூட்டிப்போவான். அதுவரை அவள் வாயே திறந்ததில்லை. "வெளிய பூட்டிட்டுப் போறவன், ஆசை வந்துட்டா சாவியக் குடுத்துடுவானா? எங்க வீட்ல இன்னும் குடுக்கலையே" என்றாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தோம். அவளும் சிரித்தாள். விரல்கள் மட்டும் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன.

அவள் புருஷன் பல்வலி என்று போனபோது, டாக்டரம்மா இதை விளையாட்டாகச் சொல்லித் தொலைத்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை, அவன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறைய மரியாதை. உன் புத்தகத்தை என் மேசையில் வைத்து, "அருமையான கதை மேடம். அவளுக்குத்தான் படிச்சாப் புரியாது. இனிமே வரமாட்டா" என்றான். குரல் உயரவே இல்லை, அக்கா.

மனசு கேட்காமல் இன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். வெளியே பூட்டு. தட்டினேன். "போயிடுங்க மேடம், பக்கத்து வீட்ல பார்த்தா சொல்லிடுவாங்க" என்று உள்ளிருந்து அழுகைக்குரல். தெருமுனைப் பூட்டுக்காரரை அழைத்துவந்து, இது என் வீடுதான், சாவி தொலைந்துவிட்டது என்றேன். "அப்போ உள்ள அழுறது யாரு?" என்று கேட்டார். தங்கச்சி என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் பூட்டை அறுத்தார்.

இப்போது அவள் நூலகத்தின் பின்னறையில், பைண்டிங்குக்குக் கட்டி வைத்த புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். இடது கையை மடக்க முடியவில்லை. டாக்டரிடம் காட்டு. எப்படி ஆனது என்று நீயாகக் கேட்காதே. போலீசுக்குப் போகலாம் என்றேன். "அங்க அவருக்கு வேண்டியவங்க இருக்காங்க" என்கிறாள். உன் ஊரில் நல்ல வக்கீலாக அத்தானைப் பார்க்கச் சொல். மதிய பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

சாயங்காலம் அவன் வேலை முடிந்து வருவான். முதலில் தேடுகிற இடம் இதுவாகத்தான் இருக்கும். டாக்டரம்மாவும் பூட்டுக்காரரும் நூலகம் மூடும்வரை கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே இப்போதே எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன்.

பயப்படாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. நீ போன் செய்யாதே, நானே செய்கிறேன். செய்யாவிட்டாலும், யார் வந்து என்ன சொன்னாலும், அவளைத் திருப்பி அனுப்பிவிடாதே, அக்கா.

உன்னை நம்பி,
தங்கை