நாற்பத்தொரு கிலோமீட்டர் பாக்கி

உன் வண்டியின் தூரம் காட்டும் மீட்டரின் பேட்டரி சாகப் போகிறது.

காலையில் டார்ச்சுக்கு பேட்டரி தேடிச் சமையலறை இழுப்பறையைக் கிளறியபோது அது கையில் பட்டது. தீப்பெட்டியை விடச் சின்னது. அதன் ரப்பர் பட்டையில் இன்னும் சங்கிலி எண்ணெய் வாசமும், உள்ளங்கைக் காய்ப்புக்கு நீ தடவிக்கொள்ளும் தேங்காயெண்ணெய் வாசமும் சேர்ந்து அடிக்கிறது. பட்டனை அழுத்தினேன். எண் வந்தது, ஆனால் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியாத அளவுக்கு மங்கல். சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். பழைய மாடல், பேட்டரியைக் கழற்றினால் ஓடிய தூரம் முழுக்க அழிந்து சைபராகிவிடும் என்றார் கடைக்காரர். நான் நம்பவில்லை. புது மீட்டரை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, டோல்வே நெடுஞ்சாலையில் ஏறி இன்னொரு கடைக்குப் போனேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

நீ இருந்திருந்தால், "மூணாவது கடைக்கும் போகலியா அம்மணி?" என்று கேட்டிருப்பாய். போனேன். அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நாம் பழகியதே என் சந்தேகத்தால்தானே. பிளானோவில் நாம் குடியிருந்த அபார்ட்மெண்டின் கார் பார்க்கிங், ஒரு சனிக்கிழமை. முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி, தரையோடு தரையாக ஒரு மூன்று சக்கர வண்டியில் மேடேறி வந்துகொண்டிருந்தாய். நெஞ்சுக்கு நேரே இருந்த பெடல்களைக் கைகள் சுற்றின. பின்னால் ஊன்றுகோல்கள் கட்டியிருந்தன. போலியோ வந்த கால்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. அந்த மேட்டில் வெறும் கையால் அந்த வேகம் வராது என்றும் எனக்குத் தெரிந்தது. என் கணவர் முழங்கையைப் பிடித்து இழுக்க இழுக்க, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். இந்தியன் கடையில் நீ தமிழில் பேசிப் புளி வாங்கியதைப் பார்த்திருந்ததால் தமிழிலேயே கேட்டேன்.

"இதுல மோட்டார எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

என் கணவருக்கு மானம் போயிற்று. நீ மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "நல்லாத் தேடிப் பாரு அம்மணி. கெடச்சா எனக்கும் சொல்லு, கைவலியாவது மிச்சமாகும்" என்றாய், டெக்ஸாஸில் பத்து வருடம் இருந்தும் மாறாத தாராபுரத்துப் பேச்சில். நான் அடியில் கையை விட்டே பார்த்தேன். சங்கிலிதான் இருந்தது.

என் வேலை அப்படி. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று பயந்த அந்த வருடங்களில், பிளானோவில் பாதிப் பேர் அந்த ஒய்டூகே வேலைதான் பார்த்தோம். நீங்களெல்லாம் ப்ரோக்ராமைத் திருத்துவீர்கள். அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. எல்லாம் சரியாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்கு வேர்க்கும். "இவ எங்கம்மாவையே டெஸ்ட் பண்ணித்தான் பாஸ் போட்டா" என்பார் என் கணவர். பால் வாங்கினால் தேதியை இரண்டு தடவை பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் அன்பாகப் பேசினால், என்ன வேண்டுமாம் என்று யோசிப்பேன். இதை ஒரு குறையாக நினைக்காத ஒரே சிநேகிதி நீ.

சீனா விஷயத்தை நீ முதலில் சொன்னது, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில். ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் கால் வராது, பெய்ஜிங்கிலிருந்து தெற்கே குவாங்சோ வரை கையால் ஓட்டிப் போகப் போகிறோம். வழியில் பள்ளிக்கூடம், தொழிற்சாலை எல்லாவற்றிலும் நின்று, எங்களைப் போன்றவர்களையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போகிறோம் என்றாய். நீ வாக்கியத்தை முடிக்கும் முன்பே கை தட்டிவிட்டார்கள். "வாவ், ஸோ இன்ஸ்பயரிங்மா!" என்று ஒரு ஆன்ட்டி உன் கன்னத்தைத் தடவினார். உனக்கு முப்பத்திரண்டு வயது அப்போது.

நான் கேட்டேன்: "பின்னாடி வேன் வருமா?"

"வரும். டென்ட், தண்ணி, ஸ்பேர் டயர் எல்லாம் அதுலதான்."

"அப்ப மலை வந்தா அதுல ஏறிக்குவீங்க."

ஆன்ட்டி என்னை முறைத்தார். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். அன்று வீடு திரும்பும்போது காரில் ஒரு பழைய கதையைச் சொன்னாய். உனக்கு ஒன்பது வயதில், கலெக்டர் ஆபீஸ் விழாவில் இலவச மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். உன்னைக் கேட்காமலே தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். போட்டோக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று இறக்கி, மறுபடி தூக்கி வைத்தார்கள். இரண்டு தடவையும் கூட்டம் கை தட்டியது.

"நான் அன்னிக்கு ஒரு சுத்துகூடச் சுத்தல அம்மணி. எதுக்குத் தட்டினாங்கன்னு இன்னிக்கும் புரியல" என்றாய். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் ஏமாத்துவேன்னு நெனச்ச மொத ஆளு நீதான். வேற யாருக்கும் அப்படித் தோணவே தோணாது. அதனால நீதான் எனக்கு டெஸ்டர்" என்றாய்.

அதற்காக வாங்கியதுதான் இந்த மீட்டர். சக்கரம் உருண்டால்தான் எண் ஏறும். வண்டியை வேனில் ஏற்றினால் ஏறாது. தினமும் அதன் எண்ணை எனக்கு எழுதவேண்டும் என்பது ஒப்பந்தம். எனக்கு அதிலும் சந்தேகம். ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால்? கேட்டேன். "அதுக்கும் கைதான வேணும் அம்மணி!" என்றாய்.

ஒய்டூகே பூதம் வராமலே போன அந்த ஏப்ரலில் கிளம்பினாய். இன்டர்நெட் கடை கிடைத்த ஊரிலிருந்தெல்லாம் மெயில் வந்தது, தங்கிலீஷில், சேர்த்துவைத்த எண்களோடு. பெரிய சீன வரைபடம் ஒன்றை வாங்கி சாப்பாட்டு மேஜையில் விரித்து, ஊருக்கு ஊர் தூரத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் சுற்றினால் எண் கூடலாம், குறையக் கூடாது. போட்டோக்களையும் விடவில்லை. ஒன்றில் உன் முகத்தில் வியர்வையே இல்லை. ஏன் என்று கேட்டெழுதினேன். "குளுரு, கழுத!" என்று பதில் வந்தது. ஒரு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஓட்டை கிடைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, கோபித்துக்கொள்ளாதே.

பிறகு அந்த மலை வந்தது. வரைபடத்தில் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஐம்பத்தாறு கிலோமீட்டர். உன் எண் பதினைந்துதான் ஏறியிருந்தது. மூன்று தடவை கூட்டினேன். "மிச்சம் நாற்பத்தொன்று எங்கே?" என்று ஒரே வரி அனுப்பினேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. அந்த வாரம் நான் மோசமானவளாக இருந்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். உனக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. அதற்கு முன் வந்த எண்களும் பொய்யாக இருக்குமோ என்றுதான் தோன்றியது. பழைய மெயில்களை எல்லாம் எடுத்துத் திரும்பவும் படித்தேன். மோட்டார் தேடிக் குனிந்தபோது நீ சிரித்த சிரிப்பைக்கூட, பூசி மெழுகுவதற்காகச் சிரித்தாயோ என்று யோசித்தேன்.

ஒரு நாள் காலையில் ஆபீஸ் போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவே உன் குரல்.

"வேன்ல ஏறிட்டேன் அம்மணி."

மற்றதையும் நீயே சொன்னாய். மேலே இருந்த ஊரில் மேடை போட்டு, பெரிய அதிகாரிகள் காத்திருந்தார்களாம். ஏற்பாட்டாளர்கள் பொறுமை இழந்து, நேரமாகிவிட்டது என்று உங்களை வண்டியோடு வேனில் ஏற்றி, ஊர் எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இறக்கிவிட்டார்களாம். கேமராவுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்களாம்.

"தூக்கி வெச்சாங்களா?" என்றேன்.

"அப்படிச் சொல்லிடலாம். ஆனா கூட வந்த ஒருத்தி மாட்டேன்னுட்டா. இருட்டினப்புறம் தனியா வந்து சேந்தா. எனக்குத் தோள்பட்டை கிழிஞ்சுபோற மாதிரி வலி. கேட்டாங்க, நானும் சரின்னுட்டேன்." கடைசியாகச் சொன்னாய்: "அங்கயும் நல்லாக் கை தட்டினாங்க."

நீ திரும்பி வந்ததும் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரில், முழுத் தூரத்தையும் கையாலேயே கடந்தவர் என்று எழுதியிருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உன்னைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லமாட்டாய் என்றே நினைத்தேன். சொல்லாவிட்டால் உன்னோடு பழையபடி பேச முடியாது என்றும் தெரிந்தது.

மைக்கைப் பிடித்ததும் அதைத்தான் முதலில் சொன்னாய். "பேனர்ல தப்பு இருக்குங்க. நாப்பத்தோரு கிலோமீட்டர் வேன்ல போனேன். யாரும் என்னக் கட்டாயப்படுத்தல."

அதற்கும் கை தட்டினார்கள்! முன்னதைவிடப் பலமாக, எழுந்து நின்று. "பரவால்லம்மா, நீங்க போனதே பெரிய விஷயம்" என்றார் சங்கத் தலைவர் அங்கிள். மேடையில் உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். நீ கூட்டத்தில் என்னைத் தேடினாய். என் கைகள் மடியிலேயே இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் உன் முகம் சரியானது.

பார்க்கிங்கில் காரில் ஏறும்போது சொன்னாய்: "கால் நல்லா இருக்கறவங்க யாராச்சும் இதையே பண்ணியிருந்தா ஏன்டா பாதியில ஏறினேன்னு கேட்டிருப்பாங்க. என்ன மட்டும் கேக்க மாட்டேங்கறாங்க. நீயாச்சும் கேளு."

"ஏன்டி ஏறின?" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம் இருந்தது.

"தப்புதான். அடுத்த வருஷம் போயி அத ஓட்டிட்டு வரேன்."

அது சும்மா பேச்சு என்றுதான் நினைத்தேன். நீ டிக்கெட்டைக் காட்டிய பிறகும் தேதியைச் சரிபார்த்தேன். அந்தப் பாக்கிக்காகவே மீட்டரை சைபர் ஆக்காமல், அடுத்த ஏப்ரல் வரை பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். பிப்ரவரியில் சளிக்காய்ச்சல் என்றாய். உன் நுரையீரலுக்குச் சின்ன வயதிலிருந்தே பலம் போதாது என்பதை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் நாள் போய்விட்டாய். டாக்டர் சொன்னதையும் நான் நம்பவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி வரிவரியாகப் படித்தேன். எங்காவது ஒரு தப்பு கிடைக்காதா என்று தேடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தப்பு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேடினேன்.

உன் நினைவுக் கூட்டம் அதே ஹாலில் நடந்தது. அதே அங்கிள் பேசினார். சீனாவை முழுக்கக் கையாலேயே கடந்த வீராங்கனை என்றார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"முழுக்க இல்ல அங்கிள். நாப்பத்தோரு கிலோமீட்டர் பாக்கி இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். "போனவளப் பத்தி இப்படியா பேசறது?" என்று அந்த ஆன்ட்டி அழுதுகொண்டே கேட்டார். என் கணவர் முழங்கையைப் பிடித்தார், அன்று பார்க்கிங்கில் பிடித்த மாதிரியே.

"அவ வேன்ல ஏறினா ஆன்ட்டி. அது தப்புன்னு அவளுக்கே தெரியும். ஏப்ரல்ல போயி ஓட்டறதுக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருந்தா. சொல்றதுன்னா அதையும் சேத்துச் சொல்லுங்க."

யாரும் கை தட்டவில்லை. அது உனக்குப் பிடித்திருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் பட்டனை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. காலையில் பார்த்த எண்ணைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். உன் கடைசி மெயிலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், அது மூன்றுதான், எட்டு இல்லை. ஆனால் என் கையெழுத்தில் இருக்கும் ஒரு எண்ணை யாராவது சாட்சி என்று நீட்டினால் நானே ஏற்கமாட்டேன். மீட்டரில் இருந்த எண் அழிந்துவிட்டது. இனி நீ ஓட்டினாய் என்பதற்கு என் வாய் வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது.

அதனால் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்பத்தொன்று நீங்கலாக மற்றது அத்தனையும் நீ உன் கையால் ஓட்டினாய். நான் உன்னோடு வரவில்லை, ஒரு கிலோமீட்டரைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. இருந்தாலும் நம்புகிறேன்.

சந்தேகமாக இருந்தால் நீயே வந்து சரிபார்த்துக்கொள்.