அரைப் பக்க மருந்து

மார்ச் 3
சகலை இன்று என் அறைக்கு வந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட இளையவன், போன மாதம் முதல் எனக்கே துறைத்தலைவன். என் அலமாரியில் இருக்கும் பழைய பார்பிட்டுரேட் வேண்டுமாம்.

யாரும் சீந்தாத தூக்க மருந்து. அதைப் பற்றி உலகத்தில் இருப்பதே அரைப் பக்கக் கட்டுரை ஒன்றுதான். எவ்வளவு நேரம் தூங்க வைக்கும், உடம்பை விட்டு எப்படி வெளியேறும் - ஒருவருக்கும் தெரியாது. என்றாவது நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

“சும்மாதானே கிடக்கு சகலை. குடுங்க, எலிக்குப் போட்டுப் பாக்கலாம்.”

“கெட்டுப்போச்சு” என்றேன். புட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்.

மார்ச் 4
மனைவி: “நீங்களும் செய்ய மாட்டீங்க, அவரையும் செய்ய விட மாட்டீங்க.” தங்கை போனில் ஓதியிருக்கிறாள். அவன் பேச்சை எடுத்தாலே இவளுக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 9
பதவி அவனுக்கு. ஜன்னல் வைத்த அறை அவனுக்கு. இதுவுமா? நானே முந்திக்கொள்கிறேன்.

மார்ச் 12
ஞாயிறு. ஆய்வகத்தில் யாருமில்லை. மருந்தைக் கரைத்து ஊசி போட்டேன். எலி தூங்கவில்லை. அளவைக் கூட்டினேன். மல்லாத்திப் போட்டால் சட்டென்று புரண்டு எழுந்து மீசையைத் துடைத்துக்கொள்கிறது, சனியன்.

சோடியம் உப்பாகச் செய்த மருந்து, ஈரம் ஆகாது. மூடி வழியே ஈரம் ஏறி எப்போதோ சிதைந்துபோயிருக்கிறது. இத்தனை வருஷம் பூட்டிக் காத்தது வெறும் தூளை. யார்கிட்ட சொல்லி அழ?

ஏப்ரல் 20
வேதியியல் துறையில் சொல்லி மருந்தைப் புதிதாகவே செய்ய வைத்துவிட்டான். எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியது. போய்க் கேட்கத்தான் மனம் வரவில்லை.

“நல்லவேளை, கெட்டுப்போச்சுன்னு அன்னிக்கே சொன்னீங்க சகலை. இல்லேன்னா அதோடயே மாரடிச்சிருப்பேன். நாளைக்கு வாங்க. எலி விழுந்துச்சா, நடிக்குதான்னு கண்டுபிடிக்க உங்களாலதான் முடியும்.”

ஐஸ் வைக்கிறான். போக மாட்டேன்.

ஏப்ரல் 21
போனேன்.

முதல் எலி சரிந்தது. மல்லாத்தினேன், புரளவில்லை. மூச்சு சீராக இருந்தது. நடுவில் சகலையை ஏதோ கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். “பாத்துக்குங்க” என்று கடிகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் திரும்புவதற்குள் எலி ஒரு காலை உதறியது, புரண்டது, நான்கு காலில் நின்றது. யாருக்கும் தெரியாத அந்த ஒன்று கொஞ்ச நேரம் என்னிடம் மட்டும் இருந்தது.

“எவ்வளவு நேரம் சகலை?”

வேறு ஒரு கணக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவன் அப்படியே எழுதிக்கொள்வான், சந்தேகமே படமாட்டான்.

சரியான நேரத்தைச் சொன்னேன். அடுத்த எலியை எடுத்தேன்.